பத்து நாளில் நிறுத்தலாமா? அத்தை சொல்வதில் பாதி சரி

திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 54 வயது. நாலைந்து மாதமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதற்கெடுத்தாலும் அழுகை. தினமும் விடிவதற்குள் எழுந்து மல்லிகை கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் இப்போது பூக்கூடைப் பக்கமே போவதில்லை. மதுரையில் மனநல மருத்துவரிடம் காட்டினார்கள். மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். பத்து நாள் ஆகிவிட்டது. வந்தது குமட்டலும் தலைவலியும்தான், மனசு அப்படியே இருக்கிறது. அத்தை, “இதெல்லாம் தூக்க மாத்திரை, அடிமையாகிட்டா மீள முடியாது, நிறுத்திட்டுப் பாண்டி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ” என்கிறாராம். நிறுத்தலாமா என்பது கேள்வி. அட்டையில் எஸ்சிட்டலோபிராம், குளோனாசிபாம் என்று இரண்டு பெயர் இருப்பதாகவும் தம்பி எழுதியிருக்கிறார்.

நிறுத்த வேண்டாம் தம்பி. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை, மருந்தாளுநர். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் பக்கத்தில் பனகல் ரோட்டில் ஒரு மருந்துக்கடையில் பல வருடங்களாக நிற்கிறேன். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரின் வேலை. ஆனால் இந்த மாத்திரையை ஜனங்கள் எப்போது வாங்க வருகிறார்கள், எப்போது வராமல் போகிறார்கள் என்பது கடையில் நிற்பவனுக்குத்தான் தெரியும். ஒரு கூட்டம் இரண்டாவது வாரத்தில் காணாமல் போகும். ‘ஒண்ணும் தெரியலை’ என்பது காரணம். இன்னொரு கூட்டம் மூன்றாவது மாதத்தில் காணாமல் போகும். ‘நல்லாயிருச்சு’ என்பது காரணம். இந்த மாத்திரையைப் பற்றி ஊரில் உலவும் கெட்ட பெயரில் பெரும்பகுதி இந்த இரண்டு தப்பான நேரங்களில் பிறந்தது.

முதலில் அந்த அட்டையைக் கையில் எடுத்து, வெள்ளிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பிராண்ட் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி., அதற்குக் கீழே குளோனாசிபாம் 0.5 மி.கி. என்கிற மாதிரி இருக்கும். ஒரே மாத்திரைதான், உள்ளே இருப்பது இரண்டு வேறு மருந்து. நம் நாட்டில் இந்தக் கூட்டு மாத்திரை சர்வசாதாரணம். அத்தையின் பயமும் உங்கள் குழப்பமும் இந்த இரண்டு பெயரையும் ஒன்றாக நினைப்பதில்தான் இருக்கிறது.

எஸ்சிட்டலோபிராம்தான் மனச்சோர்வுக்கான மருந்து. செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெடின், பராக்ஸெடின் எல்லாம் இதே குடும்பம். இது தூக்க மாத்திரை இல்லை. போட்ட அரை மணி நேரத்தில் எந்தச் சுகமும் தராது, அதனால் யாரும் இதற்கு ஏங்குவதில்லை, நாளுக்கு நாள் அளவைக் கூட்டிக் கேட்பதுமில்லை. குளோனாசிபாம் வேறு ஜாதி. அல்பிரஸோலாம், டயஸிபாம் வகையைச் சேர்ந்தது. போட்ட அன்றைக்கே படபடப்பு அடங்கும், தூக்கம் வரும். முதல் மருந்து வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்பதால், அதுவரை தாக்குப்பிடிக்க இதைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இரண்டு முதல் நான்கு வாரம் வரை என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. மாதக்கணக்கில் நீண்டால் உடம்பு பழகிவிடும், அது இல்லாமல் தூக்கம் வராது, திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.

ஆக, அத்தை பயப்படுவது நியாயம்தான், பெயரைத்தான் மாற்றிச் சொல்கிறார். கடைக்கு வருகிறவர்களைப் பார்த்தாலே இது புரியும். ஒன்றரை வருடத்துக்கு முந்தைய சீட்டை நாலாக மடித்து, மடிப்பு கிழிந்து, எழுத்து அழிந்து கொண்டுவந்து நீட்டுவார்கள். ‘பெரிய மாத்திரை வேணாம், அந்தச் சின்னத் தூக்க மாத்திரை மட்டும் குடுங்க’ என்பார்கள். நோய்க்கான மருந்தை விட்டுவிட்டு, தற்காலிகமாகக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கொடுக்க முடியாது என்றால் கோபம் வரும், அடுத்த கடைக்குப் போவார்கள். உங்கள் அம்மாவுக்கு இது நேராமல் இருக்க ஒரு கேள்வி போதும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, “சார், இதில் இருக்கிற குளோனாசிபாமை எப்போது குறைக்கலாம், தனித்தனி மாத்திரையாக எழுதித் தர முடியுமா” என்று கேளுங்கள். கூட்டு மாத்திரையில் ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை மட்டும் குறைக்க வழியில்லை. என்னைக் கேட்டால், இந்தக் கூட்டு மாத்திரையைத் தொடர்ந்து எழுதும் பழக்கம் நல்லதல்ல. தனித்தனியாக வாங்கினால் விலை கொஞ்சம் கூடலாம், ஆனால் கடிவாளம் உங்கள் கையில் இருக்கும்.

இப்போது அந்தப் பத்து நாள் கணக்கு. இந்த மருந்துகளில் கெட்டது முதலில் வரும், நல்லது அப்புறம் வரும். குமட்டல், தலைவலி, வயிறு இளகுவது, ஒருவித நிலைகொள்ளாமை, வாய் உலர்வது எல்லாம் முதல் வாரம் பத்து நாளில் உச்சத்தில் இருந்து, பெரும்பாலானவர்களுக்கு அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் தணிந்துவிடும். நல்ல மாற்றம் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தலைகாட்டும், முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகும். உங்கள் அம்மா இப்போது நிற்பது தொந்தரவு மட்டும் தெரிகிற இடத்தில். இங்கே நிறுத்தினால் பட்ட கஷ்டம் மட்டும்தான் கணக்கில் நிற்கும்.

குமட்டலுக்கு ஒரு வழி: வெறும் வயிற்றில் போடாமல் சாப்பிட்ட பிறகு கொடுங்கள். செவ்வாய், வெள்ளி விரதம் இருக்கிற வீடென்றால் இதைக் கவனியுங்கள். விரத நாளில் மாத்திரையை வெறும் வயிற்றில் போடுவதும் தப்பு, ‘இன்னிக்கு விரதம்’ என்று மாத்திரையையே விட்டுவிடுவது அதைவிடத் தப்பு. காலையா ராத்திரியா என்பதை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். குளோனாசிபாம் சேர்ந்திருக்கும்வரை ராத்திரிதான். காலையில் எழுந்து நடக்கும்போது தள்ளாட்டம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும், அந்த வயதில் விழுந்தால் எலும்பு தாங்காது.

பலன் தெரிகிறதா என்று அம்மாவிடமே தினமும் கேட்காதீர்கள். ‘மனசு எப்படிம்மா இருக்கு’ என்று கேட்டால், ‘அப்படியேதான்’ என்பார். மனசு பெரும்பாலும் கடைசியில்தான் தேறும். அதற்கு முன்னால் தூக்கம் சீராகும், ரெண்டு இட்லி கூடுதலாக இறங்கும், கூப்பிட்ட குரலுக்கு உடனே பதில் வரும். இதை முதலில் கவனிப்பது வீட்டில் இருப்பவர்கள்தான், நோயாளி அல்ல. ஒருநாள் அவராகவே பூக்கூடையை இழுத்து வைத்து நாலு முழம் கட்டினால், அந்தத் தேதியைக் குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். ‘பரவாயில்லை சார்’ என்ற ஒற்றை வார்த்தையைவிட அது அவருக்கு அதிகம் உதவும். கூட்டமான ஓபியில் உங்களுக்குக் கிடைக்கிற நேரம் கொஞ்சம்தான், குறிப்போடு போனால் அது வீணாகாது.

கடைக்காரனாக நான் அதிகம் கவலைப்படுவது வேறொரு விஷயத்துக்கு, இதோடு சேர்த்துப் போடுகிற மற்ற மாத்திரைகளுக்கு. முதலாவது, வலி மாத்திரை. இந்த வயதில் நம் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையைச் சீட்டே இல்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். எஸ்சிட்டலோபிராம் குடும்பத்து மருந்தும் அந்த வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில், குடலில் ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடும். இதயத்துக்காக ஆஸ்பிரின் போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. மலம் கறுப்பாகப் போனால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. டிராமடால் கலந்த வலி மாத்திரை இன்னும் மோசம். இரண்டும் சேர்ந்து நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம் என்று கொண்டுபோய் விடலாம், வலிப்பும் வரலாம். மூட்டுவலிக்கு பாராசிட்டமால் பரவாயில்லை, அதையும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

இரண்டாவது, பிரஷர் மாத்திரை. அதில் ‘நீர் மாத்திரை’ கலந்திருக்கிறதா என்று பாருங்கள், ஹைட்ரோகுளோரோதயசைடு என்று எழுதியிருக்கும். அதோடு இந்த மருந்தும் சேரும்போது சிலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலை கிறுகிறுக்கும், நடை தள்ளாடும், பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்வார்கள். வீட்டில் ‘மனசு நோய் முத்திப்போச்சு’ என்று நினைப்பார்கள், உண்மையில் உப்பு குறைந்திருக்கும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மூன்றாவது, கேஸ் மாத்திரை. ஒமிப்ரசோல் போட்டால் எஸ்சிட்டலோபிராம் ரத்தத்தில் கூடுதலாகத் தங்கும். ஆகாது என்றில்லை, டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்படியே தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் பி12 பார்த்தார்களா என்றும் கேட்டுவிடுங்கள். தைராய்டோ பி12ஓ குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் வருகிற அசதியும் சோர்வும் மனச்சோர்வு மாதிரியே இருக்கும்.

பயப்பட வேண்டிய அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். மருந்து ஆரம்பித்த முதல் வாரங்களில் சிலருக்கு மனசு தேறுவதற்கு முன்பே உடம்பில் தெம்பு வந்துவிடும், அது கவனமாக இருக்க வேண்டிய காலம். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் தற்கொலை எண்ணம் கூடுவதைப் பார்த்துத்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004இல் சிறுவர்களுக்கும், 2007இல் 24 வயது வரையிலானவர்களுக்கும் எச்சரிக்கை போடச் சொன்னது. உங்கள் அம்மா அந்த வயது இல்லை. ஆனாலும், ‘நான் இருந்து என்ன ஆகப்போகுது’ என்று அவர் சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். “செத்துப்போகலாம்னு தோணுதாம்மா” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தோட்டத்துக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். மாத்திரை அட்டைகள் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும், அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் எடுத்துக் கொடுங்கள். ராத்திரி எந்த நேரமானாலும் 14416 என்ற டெலி மனாஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், 104 சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது. அவசரம் என்றால் போனைப் பிடித்துக்கொண்டிருக்காமல் பெரியாஸ்பத்திரிக்கு நேராக வந்துவிடுங்கள்.

இன்னொரு அறிகுறி இதற்கு நேர் எதிர். ராத்திரி முழுக்கத் தூங்காமலேயே ஓயாத பேச்சு, அளவுக்கு மீறிய உற்சாகம், கண்டபடி செலவு, வீண் சண்டை என்று மாறினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வருகிற இருதுருவ நோய் உள்ளவர்களை இந்த மருந்து சில சமயம் அந்தப் பக்கம் தள்ளிவிடும். பல வருடத்துக்கு முன்னால் அம்மாவுக்கு அப்படி ஒரு காலம் இருந்திருந்தால், அல்லது குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், கேட்கும்வரை காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள். மாமன் மச்சான் விஷயத்தை மறைக்கிற இடம் டாக்டர் அறை இல்லை.

சரி, இந்த மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா? இதில் இரண்டு பக்கமும் மிகைப்படுத்திப் பேசுகிறார்கள். மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளே தற்செயலாகக் கிடைத்தவை. 1950களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் காசநோய்க்குக் கொடுத்த ஐப்ரோனியாசிட் என்ற மருந்தால் நோயாளிகள் உற்சாகமானார்கள். அதே பத்தாண்டில், சுவிட்சர்லாந்தில் மனச்சிதைவுக்கு ஆகுமா என்று பார்த்த இமிப்ரமின் மனச்சோர்வுக்குப் பலன் தந்ததை ரோலண்ட் குன் கவனித்தார். ஃப்ளூவாக்ஸெடின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ‘மூளையில் செரட்டோனின்னு ஒரு ரசாயனம் குறைஞ்சிருக்கு, இது அதை நிரப்பும்’ என்று நோயாளிகளிடம் சுருக்கமாகச் சொல்வது வழக்கம். அந்த விளக்கம் போதாது. செரட்டோனினில் மாற்றம் சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும், மனசு தேறவோ வாரங்கள் ஆகின்றன. இடையில் மூளையின் இணைப்புகளில் மெதுவாக ஏதோ சீராகிறது என்பதுவரை சொல்லலாம்.

ஆனால், எப்படி வேலை செய்கிறது என்பது முழுதாகத் தெரியாததால் வேலையே செய்யாது என்று ஆகிவிடாது. 2018இல் லான்செட் மருத்துவ இதழில் 522 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, 21 மருந்துகளை ஒப்பிட்டார்கள். அத்தனையும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேல். அந்த ‘மேல்’ மலையளவு இல்லை, மிதமான அளவுதான் என்பதும் உண்மை. முதல் மருந்திலேயே முழுதாகத் தேறுகிறவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், அல்லது வேறு மருந்துக்கு மாற வேண்டியிருக்கும். மிதமான, தீவிரமான சோர்வில் மருந்தின் பங்கு பெரிது. லேசான சோர்வுக்குப் பேச்சு வழிச் சிகிச்சையை முதலில் பார்ப்பதே நல்லது. நாலைந்து மாதமாகச் சாப்பாடும் தூக்கமும் போய், கைவேலையும் விட்டுப்போன உங்கள் அம்மாவுடையது லேசானது அல்ல. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை. அம்மா அந்தக் கணக்கைத் தாண்டி வந்துவிட்டார், பத்தாம் நாளில் திரும்பிப் போக வேண்டாம்.

இடையில் ஆண்களுக்கு ஒரு வார்த்தை, கேட்காவிட்டாலும். இந்த மருந்துகளால் தாம்பத்தியத்தில் நாட்டம் குறையலாம், உச்சம் தள்ளிப்போகலாம். குமட்டல் மாதிரி இது தானாகப் போவது குறைவு. இதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, யாருக்கும் தெரியாமல் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். சொன்னால் அளவைக் குறைக்கலாம், மிர்டாஸபின், பியூப்ரோபியான் மாதிரி வேறு மருந்துக்கு மாற்றலாம். பெண்களுக்கும் இது உண்டு, அவர்களிடம் யாரும் கேட்பதே இல்லை.

அப்புறம், நிறுத்துகிற விஷயம். மூன்றாவது மாதத்தில் அம்மா சிரித்துப் பேசுவார், பூக் கட்டுவார், அப்போது வீட்டில் எல்லோருக்கும் ‘இனி எதுக்கு மாத்திரை’ என்று தோன்றும். முதல் முறை வந்த சோர்வு என்றால், முழுதாகத் தேறிய பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் அதே அளவில் தொடர வேண்டும். திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு இரண்டு வருடம், அதற்கு மேலும் ஆகலாம். முன்னதாக நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். நிறுத்தும்போதும் பட்டென்று நிறுத்தாமல் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். திடீரென்று விட்டால் கிறுகிறுப்பு, எரிச்சல், கனவுத் தொல்லை, தலைக்குள் கரண்ட் அடிப்பது மாதிரி ஒரு வெட்டு எல்லாம் வரும். பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸினில் இது கூடுதல். ஃப்ளூவாக்ஸெடின் உடம்பில் நெடுநாள் தங்குவதால் அதில் குறைவு. மாத்திரை தீர்ந்து நாலு நாள் வாங்காமல் விட்டவர்கள் இந்தக் கரண்ட் வெட்டோடு கடைக்கு வந்து, ‘பாத்தீங்களா, இது இல்லாம இருக்க முடியலை, அடிமையாயிட்டேன்’ என்பார்கள். இது போதைக்கு ஏங்குவது அல்ல, பழகிய மருந்து திடீரென்று நின்றதற்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு. அந்த நாளில் ‘நோய் திரும்பிருச்சு’ என்று முடிவு கட்டுவதும் தப்பு. மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பாண்டி கோயிலுக்குத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். அத்தையோடு சண்டை வேண்டாம். அம்மாவை வெளியில் நடக்க வைக்க, நாலு பேரைப் பார்க்க வைக்க அதுவும் ஒரு வழி. போன இடத்தில் யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் பார்ப்பதும் மாத்திரையும் இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வரும், எந்த நாள் என்று உங்கள் ஊர் ஓபியிலேயே விசாரியுங்கள். வெளியில் வாங்குவதென்றால் மக்கள் மருந்தகத்தில் அதே மருந்து விலை குறைவாகக் கிடைக்கும். பிராண்ட் மாறினாலும் உள்ளே இருக்கும் பெயரும் மில்லிகிராமும் ஒன்றுதானா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

டாக்டர் சொன்ன தேதி இன்னும் ரொம்ப நாள் தள்ளி இருந்து, குமட்டல் தாங்க முடியவில்லை என்றால் அதுவரை காத்திருக்க வேண்டாம், முன்கூட்டியே போங்கள். பாதி அளவில் ஆரம்பித்துக் கூட்டுவது வழக்கமான வழிதான். போகும்போது இந்த அட்டையோடு பிரஷர் மாத்திரை, மூட்டுவலி மாத்திரை, அத்தை வாங்கிக் கொடுத்த சூரணம் இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போய் மேசையில் கொட்டிவிடுங்கள். பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் அவர் பார்த்துக்கொள்வார்.